கரட்டுக்கு வேலி போடச் சொன்னவர்களுக்கு

மாவட்டத்தின் காலநிலைத் திட்டத்தை வகுக்கும் அலுவலர்களுக்கும், மரம் நட இடம் தேர்ந்தெடுப்பவர்களுக்கும்,

எங்கள் ஊர்க் கரட்டடியில், அதாவது பாறைக் குன்றின் அடியில், இருந்த மேய்ச்சல் புறம்போக்குக்குப் போன மாசி மாதம் கம்பி வேலி போட்டீர்கள். உள்ளே குழி எடுத்து மரக்கன்று வைத்தீர்கள். முன்னால் ஒரு பச்சைப் பலகை நிற்கிறது. காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் பசுமைப் பரப்பு என்று பெரிய எழுத்திலும், ஆடு மாடு உள்ளே வந்தால் அபராதம் என்று சின்ன எழுத்திலும் போட்டிருக்கிறது. ஊரில் யாரையும் கேட்கவில்லை. கிராம சபையில் தீர்மானம் இல்லை, தண்டோரா இல்லை. ஒரு திங்கட்கிழமை ஜேசிபி வந்தது, அந்த வாரம் முடிவதற்குள் கேட்டில் பூட்டு தொங்கியது. எங்கள் ஆடுகள் இப்போது தார் ரோட்டோரம் லாரிக்குப் பயந்துகொண்டு மேய்கின்றன.

மனு கொடுத்தோம். ரசீது கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் ஒரு கொட்டாயில் (எங்கள் பக்கம் சிற்றூரை அப்படித்தான் சொல்வோம்) இருப்பவள். இரண்டு ஏக்கர் மானாவாரி, நாலைந்து வெள்ளாடு. எங்கள் மகளிர் குழுவுக்கு ஊக்குநர் நான்தான், கணக்கு நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த நோட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மரத்துக்கு நாங்கள் எதிரி என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். புளிய மரத்தை நம்பி அரை வருஷம் கஞ்சி குடிக்கிற மாவட்டம் இது. மாசி பங்குனியில் எந்தக் கொட்டாய்க்குப் போனாலும் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்று 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியபோது, நல்ல காரியம் என்றுதான் நாங்களும் பேசிக்கொண்டோம். அந்த 33-ஐ எட்டுவதற்கு யாருடைய நிலத்தில் குழி வெட்டுவார்கள் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

உங்கள் வரைபடத்தில் எங்கள் கரட்டடி தரிசு என்று வண்ணம் அடிக்கப்பட்டிருந்தது. சித்திரை மாதம் ஜீப்பில் வந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஐப்பசி மழைக்குப் பிறகு வாருங்கள், புல் முழங்கால் உயரம் நிற்கும். தை மாசியில் காய்ந்து மஞ்சளாகும், அதையும் ஆடு விடாது. பங்குனிக்கு மேல் புல்லும் தீர்ந்தால் இருக்கவே இருக்கிறது வெள்வேல மரம். தொரட்டியை மாட்டிக் கிளையை உலுக்கினால் காய் சடசடவென்று கொட்டும். அந்தச் சத்தத்துக்கே எங்கிருந்தாலும் ஆடு ஓடி வரும், கூப்பிட வேண்டியதில்லை. கோடையில் காசு கொடுக்காமல் கிடைக்கிற தீவனம் அது ஒன்றுதான்.

ஜேசிபி முதலில் பிடுங்கிப் போட்டது அந்த வெள்வேல மரங்களைத்தான். முள்மரம் என்று சொன்னார்கள். பிடுங்கிய இடத்தில் புங்கன், வேம்போடு நீர்மருதும் வைத்தார்கள். நீர்மருது ஆற்றங்கரையில் வளர்கிற மரம். சின்னாற்றங்கரையில் போய்ப் பாருங்கள், எப்படி நிற்கிறதென்று தெரியும். அதைக் கொண்டுவந்து சுட்ட கல் கிடக்கும் கரட்டில் வைத்தால் என்ன ஆகும்? கொஞ்ச நாள் டேங்கரில் தண்ணீர் வந்தது. பிறகு டேங்கரும் நின்றது. இன்றைக்கு வேலிக்கு வெளியே நின்று எண்ணினால் உயிரோடு இருக்கிற கன்றைவிடக் குச்சிதான் அதிகம். இருந்த மரத்தைப் பிடுங்கிவிட்டு, இல்லாத மரத்துக்குக் காவல் போட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கரட்டை நம்பியிருந்தவர்கள் யார் என்பதுதான் முக்கியம். கிணறும் போரும் உள்ளவர்கள் தங்கள் வரப்பிலேயே தீவனப் புல் போட்டுக்கொள்வார்கள், அவர்களுக்கு இந்த வேலியால் ஒன்றும் இல்லை. நிலம் இல்லாதவர்கள், புருஷன் போன பெண்கள், பிள்ளைகள் பெங்களூருக்குப் போய்விட்டதால் தனியாக இருக்கும் கிழவன் கிழவிகள், இவர்களுக்குத்தான் கரடு. எங்கள் கொட்டாயில் ஒரு பெரியம்மா இருக்கிறார். எட்டு வெள்ளாடு வைத்திருந்தார். பேரனுடைய ஐடிஐ செலவு, தன் கண் ஆபரேஷனுக்குப் போய்வந்த செலவு, மகள் வீட்டுச் சீர், எல்லாம் அந்த ஆட்டிலிருந்துதான். வேலி போட்ட பிறகு வெயிலில் ரோட்டோரம் ஓட்டிக்கொண்டு நடக்க அவர் காலில் வலு இல்லை. ஆறு ஆட்டை நல்லம்பள்ளிச் சந்தைக்கு ஏற்றிவிட்டார். சுற்று ஊர்களிலும் தீவனம் இல்லாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டைக் கொண்டுவந்தால் வியாபாரி என்ன விலை கேட்பான் என்று உங்களுக்கே தெரியும். வந்த காசு பழைய கடனுக்குப் போனது. மீதி இரண்டு ஆட்டையும் எத்தனை நாள் வைத்திருப்பார் என்று தெரியவில்லை.

பூமி சூடானதில் இந்தப் பெரியம்மாவின் பங்கு என்ன என்று கேட்கிறேன். அவர் வீட்டில் இரண்டு பல்பு, ஒரு ஃபேன். வண்டி கிடையாது. விமானத்தை வானத்தில்தான் பார்த்திருக்கிறார். சூட்டைக் கிளப்பியவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள், அதற்குப் பரிகாரம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது இவர் ஆட்டின் வாயிலிருந்த புல்லை. இந்த மடலில் நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். காலநிலை கெட்டதால் வருகிற அடியும் ஏழைக்கு, அதைச் சரிசெய்வதன் செலவும் ஏழைக்கு என்றால் அதைத் திட்டம் என்று எப்படி ஏற்றுக்கொள்வது?

அடி எப்படி விழுகிறது என்பதற்கு 2024-ஆம் வருஷம் ஒன்றே போதும். அந்த ஏப்ரல், மே மாதங்களில் தருமபுரியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. ஒகேனக்கல்லில் தண்ணீர் வற்றிப் பாறை பாறையாகத் தெரிந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் அதே ஆற்றில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் வந்து பரிசல் ஓட்டத் தடை போட்டார்கள். அது கர்நாடகத்து மழை, எங்கள் காடு அப்போதும் காய்ந்துதான் கிடந்தது. பிறகு ஃபெஞ்சல் புயல். டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ., எங்கள் மாவட்டம் அரூரில் 33 செ.மீ. மழை. வருஷம் முழுக்க எங்களுக்குச் சராசரியாகக் கிடைப்பதே 85 செ.மீ. அளவுதான். ஊத்தங்கரையில் வேனும் காரும் வெள்ளத்தில் உருண்டு போனதை டிவியில் நாடே பார்த்தது. கடலே இல்லாத ஊரில் புயல் வந்து அடித்ததென்று எங்கள் பக்கம் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள்.

நிவாரணம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், செத்த ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம் இருந்தால்தான் பயிருக்குப் பணம் என்பது விதி. ஆனால் பணம் யாருக்குப் போகும்? பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கும், குத்தகைக்கும் உழுகிறவன் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. எங்கள் குழுவில் அப்படிக் குத்தகைக்குச் சாமையும் ராகியும் போட்ட ஒரு தங்கச்சி, நிலத்துக்காரர் கணக்கில் ஏறிய நிவாரணத்தைக் கேட்கப் போய், அடுத்த வருஷத்துக் குத்தகையையும் இழந்து வந்தாள். பெண்கள் பெயரில் பட்டா என்பது இங்கே அபூர்வம். காட்டில் களை எடுப்பது முதல் கதிர் அறுப்பது வரை நாங்கள், அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டில் பெயர் மாமனாருடையது.

வெயிலுக்கும் இதே கதைதான். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றார்கள். நல்லது. ஆனால் வெயில் எல்லோரையும் கொன்றுவிடுவதில்லை. பெரும்பாலும் கூலியைத்தான் கொல்லும். காலை பத்து மணிக்கு மேல் நிற்க முடியாமல் அரை நாள் கூலியோடு திரும்புகிற பெண்ணுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. நூறு நாள் வேலையில் (பெயர் எப்படி மாறினாலும் எங்களுக்கு அது நூறு நாள் வேலைதான்) ஏரிக்கரையில் மண் வெட்டும்போது மயங்கி விழுந்தவர்களைச் சோடா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். எங்கும் எழுத மாட்டார்கள். எழுதாததால் அது நடக்கவில்லை என்று ஆகிறது.

இனி என் நோட்டுக்கு வருகிறேன். குழுக் கடன் கொடுக்கும்போது என்ன காரணத்துக்கு என்று ஒரு பத்தியில் எழுத வேண்டும். குழு தொடங்கிய காலத்தில் அந்தப் பத்தியில் காதுகுத்து, கறவை மாடு, தையல் மிஷின், ஓடு மாற்ற, இப்படித்தான் இருக்கும். இப்போது பக்கத்தைப் புரட்டினால் போர் இறக்க, தீவனம், தண்ணீர் டேங்கர், ஆஸ்பத்திரி, பெங்களூர் முன்பணம் என்று வருகிறது. பெங்களூர் முன்பணம் என்றால் அங்கே ஷெட் வாடகைக்கும், மேஸ்திரியிடம் வேலை கிடைக்கும்வரை அரிசி வாங்கவும். மழை பொய்த்த வருஷம் அந்த வரி அதிகமாகும், நல்ல மழை என்றால் குறையும். இந்த மாவட்டத்தின் காலநிலைக்கு உங்களிடம் செயற்கைக்கோள் படம் இருக்கலாம், எங்களிடம் இருப்பது இந்தப் பத்தி. இதைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. நுண்கடன் கம்பெனிக்காரர்கள் மட்டும் வருகிறார்கள், யார் வீட்டில் நெருக்கடி என்பதை எங்களுக்கு முன்பே மோப்பம் பிடித்துவிடுகிறார்கள்.

எங்கள் பக்கம் மழை வராவிட்டால் மழைச்சோறு எடுப்பார்கள். பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி ஒன்றாகக் கலந்து எல்லையில் உட்கார்ந்து சாப்பிட்டு, பஞ்சம் வந்துவிட்டது, ஊரை விட்டுப் போகிறோம் என்று ஒப்பாரி வைத்துக் கிளம்புவார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து, போகாதீர்கள் தாயே, மழை வரும் என்று சமாதானம் சொல்லித் திருப்பி அழைத்துவர வேண்டும். அதுதான் சாங்கியம். இப்போது அந்தச் சாங்கியம் தேவைப்படவில்லை. தை அறுப்பு முடிந்ததும் விடியற்காலைப் பஸ்ஸில் நிஜமாகவே போய்விடுகிறார்கள். பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் தோட்டம், செங்கல் சூளை, கரும்பு வெட்டு. சமாதானம் சொல்லித் திருப்பி அழைக்க யாரும் வருவதில்லை.

போகிறவர்கள் போகட்டும், சம்பாதிக்கட்டும் என்று நீங்கள் நினைக்கலாம். பின்னால் விடப்படுபவர்களைப் பாருங்கள். பாட்டியிடம் விட்டுப்போன பையன் பள்ளிக்கூடம் போகிறானா என்று கேட்க ஆள் இல்லை. வயசுக்கு வந்த பெண்ணைத் தனியாக விட்டுப் போகப் பயந்து, பதினாறு பதினேழிலேயே தெரிந்த இடத்தில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். குழந்தைத் திருமணத்துக்கு எதிராக நீங்கள் பலகை வைக்கிறீர்கள், பேரணி நடத்துகிறீர்கள். மழை தவறிய வருஷத்தில் இது கூடுகிறதென்று எங்கள் ஊரில் சத்துணவு அம்மாவுக்குத் தெரியும், பள்ளி வாத்தியாருக்குத் தெரியும். ஆனால் குழந்தைத் திருமணத்துக்கு ஒரு துறை, மழைக்கு ஒரு துறை, கடனுக்கு ஒரு துறை. ஒரே வீட்டுக்குள் மூன்றும் ஒன்றாகத்தான் நுழைகின்றன.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தருமபுரிக்காரர்கள் பல்லே சொல்லும். மேல் தண்ணீர் வற்றினால் ஆழம் போவார்கள், ஆயிரம் அடி போவதெல்லாம் இங்கே சாதாரணம். ஆழத்துப் பாறையில் தேங்கிய தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், குடித்தால் பல் கறைபடும், எலும்பும் வளையும். அதற்காகத்தான் 2008-இல் அடிக்கல் நாட்டி ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டி, 2013-இல் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் திறந்தார்கள். அது வந்த பிறகு பிறந்த பிள்ளைகளின் பல் வெள்ளையாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் நாங்கள். ஆனால் கோடையில் குழாயில் தண்ணீர் வரும் நாள் இடைவெளி விட்டுக்கொண்டே போனால், காசு உள்ளவன் கேன் வாங்குவான், இல்லாதவன் பழையபடி போர் தண்ணீருக்குப் போவான். வறட்சியென்றால் எங்களுக்குத் தாகம் மட்டும் இல்லை, முதுகு வளைவதும்தான்.

நீங்கள் செய்ததில் உருப்படியான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மானாவாரிக்கு ராகியைவிடப் பொருத்தமான பயிர் இல்லை. வெயில் தாங்கும், கொஞ்சம் மழைக்கே கதிர் பிடிக்கும், ஊடே நாலு வரிசை அவரையும் மொச்சையும் துவரையும் போட்டால் குழம்புக்கும் ஆச்சு. நடுவில் ரேஷன் அரிசி வந்து அதை ஓரம் கட்டியது. 2022-23-இல் தருமபுரி, கிருஷ்ணகிரியில் அரசே குவிண்டால் 3,578 ரூபாய்க்கு ராகி கொள்முதல் செய்யத் தொடங்கியது. 2023-இல் எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுத்தார்கள். 2025-26-க்கு ஆதரவு விலை 4,886 ஆகியிருக்கிறது. இங்கே விளைந்ததை இங்கேயே வாங்கி இங்கேயே சாப்பிடக் கொடுப்பது, இதைவிட நல்ல காலநிலைத் திட்டம் எனக்குத் தெரியவில்லை, அதற்கு அந்தப் பெயரை யாரும் வைக்காவிட்டாலும். ஆனால் இங்கேயும் அதே பூட்டு. கொள்முதல் நிலையத்தில் சிட்டா அடங்கல் கேட்பார்கள். குத்தகைக்காரன் வீட்டு ராகி வியாபாரி வண்டியில்தான் ஏறுகிறது.

ஓசூர், பர்கூர் பக்கம் மின்சார ஸ்கூட்டர் கம்பெனிகள் வந்ததைப் புகையில்லாத எதிர்காலம் என்று மேடையில் பேசுகிறீர்கள். எங்கள் குழு உறுப்பினர்களின் மகள்களும் கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள். அந்தச் சம்பளத்தில் ஒரு வீட்டில் கழிப்பறை கட்டியிருக்கிறார்கள், இன்னொரு வீட்டில் தங்கச்சியைக் காலேஜுக்கு அனுப்புகிறார்கள். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அந்தக் கம்பெனிகளுக்கும் நிலம் வேண்டும். சூளகிரி அருகே உத்தனப்பள்ளி வட்டாரத்தில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு விளைநிலம் எடுப்பதை எதிர்த்து 2023-இல் விவசாயிகள் மாதக் கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பசுமை என்கிற பெயரில் வருவதாலேயே ஒரு திட்டம் நியாயமாகிவிடாது. யாருக்கு வேலை, எத்தனை வருஷத்துக்கு, யாருக்கு நிலம் போகிறது, அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள் எங்கே போவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

காட்டு விஷயம் தனி மடலுக்கு உரியது, சுருக்கமாகச் சொல்கிறேன். காவிரிக்கரை ஆலம்பாடியின் பெயரைக் கொண்ட ஆலம்பாடி மாடு எங்கள் வட்டத்துச் சொத்து. காட்டுக்குள் பட்டி போட்டுத்தான் அதை வளர்த்தார்கள். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் சரணாலயங்களில் கால்நடை மேய்க்கத் தடை விதித்தது. அதே வருஷம் நவம்பரில் இரண்டு மாவட்டத்துக் காடுகளைச் சேர்த்து 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. யானைக்கும் சிறுத்தைக்கும் காடு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமையும் இருக்கிறது. அந்த உரிமையைத் தீர்த்து முடிக்காமல் காட்டுக் கதவை மூடினீர்கள். காடு மூடியதால் மாடும் ஆடும் கரட்டுக்கு வந்தன. இப்போது கரட்டையும் மூடினால் எங்கே போகச் சொல்கிறீர்கள்?

இதையெல்லாம் நேரில் சொல்லத்தான் மாவட்டக் காலநிலைத் திட்டத்துக்காக நீங்கள் நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்தேன். பெண்கள் தரப்பு என்று குழு ஊக்குநர்களை வேனில் ஏற்றி வந்தார்கள். குளிர்சாதன அறை. திரையில் எல்லாம் இங்கிலீஷில் ஓடியது. இத்தனை லட்சம் கன்று, இத்தனை எல்இடி விளக்கு, இத்தனை சூரிய மின் தகடு. பேசியவர் நல்ல மனிதர்தான், விளங்காத இடத்தில் தமிழிலும் சொன்னார். ஆனால் மேய்ச்சல் என்று ஒரு வரி இல்லை, குத்தகை என்று ஒரு வரி இல்லை, ஊரை விட்டுப் போகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கேள்வி நேரத்துக்கு முன்பே சாப்பாடு வந்துவிட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டு, போட்டோ எடுத்து, மஞ்சப்பையில் ஒரு செடி கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கையெழுத்து மக்கள் கருத்து கேட்கப்பட்டதற்கு ஆதாரமாக ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். என் கருத்து அந்தக் கோப்பில் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நாங்கள் கேட்பது இவைதான்.

எங்கள் கரட்டடி வேலியைத் திறந்துவிடுங்கள். முழுவதும் திறக்க முடியாது என்றால் பாதியைத் திறந்து, மீதியைச் சுழற்சியில் அடையுங்கள். எந்தப் பக்கம் எந்த மாதம் மேய்க்கலாம், எங்கே கன்று தழைக்கும் என்று ஆடு மேய்ப்பவர்களே உட்கார்ந்து முடிவு செய்யட்டும், அதை மீறுகிறவர்களுக்கு அபராதமும் ஊரே போட்டுக்கொள்ளும். செத்த கன்றுகளின் இடத்தில் வெள்வேல், வேம்பு, புளி, ஆச்சா வையுங்கள், ஆடி ஆவணியில் வையுங்கள், மாசியில் வேண்டாம். தண்ணீர் ஊற்றும் கூலியை எங்கள் குழுவுக்குக் கொடுத்தால் கன்று சாகாமல் பார்த்துக்கொள்கிறோம். இனிமேல் மாவட்டத்தில் எந்த மேய்ச்சல் புறம்போக்கிலும் கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் குழி வெட்டக் கூடாது. கிராமத்தின் பொது நிலத்தைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியிலேயே சொல்லியிருக்கிறது. அது தனியார் ஆக்கிரமிப்புக்கு மட்டும் சொன்னது, பச்சைப் பலகைக்குப் பொருந்தாது என்று வாதம் செய்ய வேண்டாம்.

மாவட்டக் காலநிலைத் திட்டத்தின் வரைவைத் தமிழில் அச்சடித்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். வருஷத்தில் ஆறு முறை கிராம சபை கூட்டுகிறீர்கள், அதில் ஒன்றில் வாய்விட்டுப் படியுங்கள். அதன் பிறகு எங்கள் கருத்தைக் கேளுங்கள்.

அந்தத் திட்டத்தில் கன்றுகளை எண்ணுவதுபோல் ஊரை விட்டுப் போகிறவர்களையும் எண்ணுங்கள். தை முதல் ஆனி வரை எந்தெந்த ஊரில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊராட்சிச் செயலரைக் கேட்டால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். போகிறவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஆறு மாதம் அரசு விடுதியில் இடம் கொடுங்கள், பெண் பிள்ளைகளுக்கு முதலில்.

குத்தகைக்கு உழுகிறவர்களுக்குக் கிராம நிர்வாக அலுவலர் ஒரு சாகுபடிச் சான்று கொடுக்கட்டும், அதை வைத்து நிவாரணமும் ராகிக் கொள்முதலும் கிடைக்கட்டும். நிலத்துக்காரர்கள் பயப்படுவார்கள், தெரியும். சாகுபடிச் சான்று பட்டா ஆகாது என்று அதிலேயே எழுதிக் கொடுங்கள். பங்குனி முதல் வைகாசி வரை நூறு நாள் வேலையை விடியற்காலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடியுங்கள், அளவைக் குறைத்து முழுக் கூலி கொடுங்கள், வேலைத்தளத்தில் மயங்கி விழுந்தவர் பெயரை வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலிலேயே எழுதுங்கள்.

கோடையில் ஒகேனக்கல் குழாயை எந்த ஊருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்கிறீர்கள் என்ற பட்டியலை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டுங்கள். நாங்கள் சரிபார்த்துக்கொள்கிறோம்.

எங்கள் குழுவின் கடன் நோட்டைப் பார்க்க விரும்பினால் பெயர்களை மறைத்துக் காரணப் பத்தியைப் பிரதி எடுத்துத் தரத் தயார். பக்கத்து ஊர்க் குழுக்களும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வேலி பற்றிய பதில் மட்டும் ஆடி பிறப்பதற்குள் எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் இந்த மடலையே தீர்மானமாக முன்மொழிவோம். அதற்கு நீங்களோ உங்கள் சார்பில் பதில் சொல்லத் தகுந்த ஒருவரோ வரவேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பென்னாகரம் வட்டத்திலிருந்து ஒரு மகளிர் குழு ஊக்குநர்